ஏழாவது ஃபிரெட்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது; கொத்தனார் மட்டம் பார்க்க வைக்கும் கருவியின் பெயரைச் சொல்லி, ரசமட்டம் என்றால்தான் கடையைக் காட்டுவார்கள். கிட்டார் பழுது பார்ப்பவர். கோணல் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதை நிமிர்த்தாமல் அவருக்குச் சோறு இறங்காது. விருந்துக்குப் போன வீட்டிலும் சுவரில் இருக்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். "என் மூக்கு லேசாக் கோணல். நல்லவேளை, இன்னும் அரம் எடுக்கல" என்பாள் அவர் மனைவி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு அம்மாள் வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், அதிர்ந்து பேசாதவள். கறுப்பு எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றைப் போர்வையில் சுற்றிக் கைக்குழந்தையைப் போல ஏந்தி வந்திருந்தாள். கணவர் தினமும் நாலு மணிக்கு ஜன்னலோரம் வாசிப்பாராம். ஒலிபெருக்கியில் மாட்டாமல் வாசிப்பதால் சத்தம் கொசு பாடுவது போலத்தான் வருமாம். அதைக் கேட்பதற்காகவே அவள் மின்விசிறியை நிறுத்திவிடுவாளாம். ஒரே ஒரு இடத்தில் தந்தி இரைகிறது, அங்கே வந்தாலே அவர் தயங்குகிறார், பார்க்கப் பாவமாக இருக்கிறது, சரிசெய்து கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்றாள்.

அவரையும் ஒருமுறை அழைத்து வந்தால் கைக்குத் தோதாகத் தந்தியின் உயரத்தை வைத்துத் தரலாம் என்றார் ரசமட்டம்.

"அவர் வெளிய வர்றதில்ல" என்றாள்.

அவள் போனதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து கழுத்தை நோட்டம் விட்டார். தந்திகள் இழுத்த இழுப்பில் லேசாக முன்வளைந்திருந்தது. உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைச் சாவி போட்டுக் கால் சுற்று முறுக்கியதும் நிமிர்ந்துகொண்டது. பிறகு தந்திகளைக் கழற்றி ஃபிரெட்டுகளுக்கு வந்தார். கழுத்தின் குறுக்கே படிக்கட்டு போலப் பதித்திருக்கும் உலோகக் கம்பிகள் அவை. மூன்று மூன்றாக ஒரு எஃகுத் துண்டை மேலே வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில் இருப்பது உயரமென்றால் துண்டு டக்டக்கென்று ஆடும். ஏழாவதில் ஆடியது. ஆறாவதை அழுத்தினால் தந்தி ஏழாவதில் போய் இடிக்கிறது. இரையாமல் என்ன செய்யும்?

சூடு காட்டி ஏழாவதைப் பிடுங்கினார். அடியில் விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய அட்டைக் கீற்று கிடந்தது. யாரோ அளவெடுத்து வெட்டி, வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். எந்த அரைகுறை பார்த்த வேலையோ என்று திட்டிக்கொண்டே அதைக் குப்பைக்கூடையில் போட்டார். ஃபிரெட்டைப் பசை வைத்துத் தட்டி இறக்கினார். மறுநாள் எல்லா ஃபிரெட்டுகளின் தலையையும் சேர்த்து நீள அரத்தால் ஒரே சீராகத் தேய்த்தார். கண்ணை மூடித் தடவினால் எது எதுவென்றே தெரியாது. அவ்வளவு சுத்தம்.

அன்று மணி நாலு இருக்கும். தந்தியில்லாமல் மேசையில் கிடந்த கழுத்தின் மேல், நகம் ஒவ்வொரு படியாக ஏறுவது போல ஒரு சத்தம் கேட்டது. ஏறியது, நின்றது, திரும்ப இறங்கியது, மறுபடி முதலிலிருந்து ஏறியது. வெளியே லாரி போகிறது, கடை அதிர்கிறது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். வெளியே லாரி எதுவும் போகவில்லை.

வியாழக்கிழமை கிட்டாரை வாங்கிப் போனவள் திங்கட்கிழமை மூன்று மணிக்கெல்லாம் அதே போர்வையோடு வந்து நின்றாள். பல நாள் தூங்காத கண்கள். இன்னுமா இரைகிறது என்று கொஞ்சம் ரோஷத்தோடுதான் கேட்டார் ரசமட்டம்.

"இரையல. அவர் வாசிக்கிறதே இல்ல. சுவத்தைத் தடவிக்கிட்டே வீடு பூரா அலையுறார்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகும் நாலு மணி வாசிப்பு ஒருநாள்கூட நிற்கவில்லை. பைத்தியம் என்பார்களே என்று அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. இப்போது நகம் கழுத்தில் ஏறுகிறது, வழி தெரியாமல் இறங்கிவிடுகிறது. அப்புறம் சுவர், கதவு, அலமாரி என்று ஒவ்வொன்றாகத் தடவும் சத்தம், விடியும்வரை.

"நேத்து என் மொகத்தைத் தடவினார். நெத்தி, மூக்கு, கன்னம் எல்லாம். நான்தான்னு தெரியல சார். விட்டுட்டுப் போயிட்டார்."

ரசமட்டம் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். "அவருக்குக் கண்ணு...?"

"கடைசி நாலு வருஷம் சுத்தமாத் தெரியாது."

ரசமட்டம் குப்பைக்கூடையைத் திரும்பிப் பார்த்தார். அது எப்போதோ காலியாகியிருந்தது. கண் தெரியாத மனுஷன் விரல் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு படியை உயர்த்தி வைத்திருக்கிறார். அதற்காக அந்த இரைச்சலைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார். குருடன் கைத்தடியைப் பிடுங்கி, அழகாகச் சீவி, அடுப்பில் வைத்தது போலாகிவிட்டது தன் வேலை. இத்தனை வருஷத் தொழிலில் அவருக்குத் தன் கையைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது அன்றுதான்.

"வர்ற வழியெல்லாம் என் தோள்ல ஒரு கை இருந்துச்சு" என்றாள். "வழிகாட்ட யாரோ கெடைச்சாங்கன்னு நெனச்சிருப்பார்."

ரசமட்டம் கிட்டாரை வாங்கித் தந்திகளைக் கழற்றினார். தேய்ந்துபோன ஏழாவதைப் பிடுங்கிப் போட்டார். கூடவே மரத்தில் ஒரு சிம்பு பெயர்ந்தது. கடைச் சீட்டு ஒன்றிலிருந்து ஒரு கீற்று வெட்டி, பள்ளத்தில் வைத்து, புது ஃபிரெட்டைத் தட்டினார். கண்ணை மூடி விரலால் வருடிப் பார்த்தார். தட்டுப்படவில்லை. இன்னொரு கீற்று வைத்தார். சமமாக இருப்பதைக் கோணலாக்க அவர் கை மறுத்தது. இப்போது தட்டுப்பட்டது. தந்திகளைப் பூட்டிச் சுருதி சேர்த்துவிட்டு மின்விசிறியை நிறுத்தினார்.

நாலு மணிக்கு எதுவோ அவர் மணிக்கட்டில் பட்டது. முழங்கைவரை குளிர்ச்சியாகத் தடவிக்கொண்டு ஏறி, வேண்டாமென்று விலகியது. கழுத்தின் மேல் நகம் ஏறத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று... ஏழில் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது. பிறகு, தொடுவாரில்லாமல் தந்திகள் அசைந்தன. கொசு பாடுவது போல மெல்லிய வாசிப்பு. நடுவில் ஒரு இடத்தில் அவலமான இரைச்சல். ரசமட்டத்துக்குப் பல் கூசியது.

"இரையுது" என்றாள்.

"இரையட்டும்மா."

வாசிப்பு நின்றது. முக்காலியில் இருந்த அவள் சட்டென்று விறைத்தாள். அவள் நெற்றித் தோல் லேசாக அமுங்கியது. பிறகு புருவம், பிறகு மூக்கு. கன்னத்துக்கு வந்ததும் அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். நேற்று அந்தக் கை கன்னம்வரை வந்துதான் விட்டுப் போயிருந்தது.

அவள் தலை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்த இடத்தில் வெறும் காற்றுதான் இருந்தது. ஆனாலும் கன்னத்தின் சதை உள்ளங்கையில் படிவது போல ஒதுங்கி, அப்படியே நின்றது.