முன்னூறு வருஷத்துக்கு எத்தனை நாற்காலி?

பல் வைத்தியரின் செத்துப்போன முன்னோர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வந்தபோது, வாடகைக்கு எடுத்திருந்த அறுபது நாற்காலிகளில் ஐம்பது மிஞ்சிப்போயின.

அதற்கு அவர்கள் பொறுப்பல்ல. வீட்டுக்கு வயது முன்னூறு. அப்படியென்றால் அறுபது தலைமுறை என்று வைத்தியர் ஊரெல்லாம் அளந்துகொண்டிருந்தார். வாயைப் பிளந்து கிடக்கும் நோயாளிகள் மறுத்துப் பேசும் நிலையில் இல்லை. மற்றவர்களும் முன்னூறு என்றதும் மலைத்துப்போனார்களே தவிர, ஐந்து வயதில் எவனுக்கும் பிள்ளை பிறக்காதே என்று யோசிக்கவில்லை. அவர் மனைவிக்கோ முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. படுக்கையறை மாடியில், படிகள் ஏணி மாதிரி செங்குத்து. இரண்டு வருஷமாக அழுதுகொண்டேதான் ஏறினாள். லிஃப்ட் வைத்த அடுக்குமாடி ஒன்றைப் பார்த்தும் வைத்திருந்தாள். விற்கலாம் என்று வாயெடுத்தால் போதும், "அறுபது தலைமுறை வாழ்ந்த வீடும்மா, அவங்களுக்கு யாரு பதில் சொல்றது?" என்பார்.

"அவங்களையே கூப்பிட்டுக் கேளுங்களேன்," என்றாள் ஒருநாள், வெறுத்துப்போய். மனுஷர் ரோஷக்காரர். மாடிப்படிக்குக் கீழே நின்று, தலைமுறைக்கு ஒருவர் வரவேண்டும் என்று உரக்கக் கூப்பிட்டுவிட்டு, நாற்காலிக்குச் சொல்லி அனுப்பினார்.

முதலில் அவர் அப்பா வந்தார், தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு. அவர் கையில் அவருடைய அப்பா. இப்படிக் கைகோத்து வந்த வரிசை பத்தாவது ஆளோடு முடிந்துவிட்டது. வைத்தியர் தெருமுனைவரை போய் எட்டிப் பார்த்தார். ஈ காக்கை இல்லை. "அவ்வளவுதாம்ப்பா. நான்தான் வீட்டைக் கட்டினவன்," என்றார் பத்தாமவர். வைத்தியரின் முகம் தொங்கிப்போயிற்று.

மனைவி எல்லோருக்கும் டீ கொடுத்தாள். எள்ளுத்தாத்தாவுக்கு மேல் என்ன முறை என்று தெரியாததால் பத்துப் பேரையும் மாமா என்றே கூப்பிட்டாள். பிறகு கேட்டேவிட்டாள்: "மாமா, இந்த வீட்டை வித்துடலாமா?"

"நானே விக்கத்தாம்மா பார்த்தேன்," என்றார் வைத்தியரின் அப்பா. "பெரியவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு விட்டுட்டேன்." அவர் அப்பாவும் அதையே சொன்னார். அவருக்கு முந்தியவரும் அதையே. பேச்சு கைமாறிக் கைமாறி, கட்டினவரிடம் வந்து நின்றது. அவர் தலையைச் சொறிந்தார்.

"விக்கறதுக்குன்னுதான் கட்டினேன், மருமகளே. படிக்கட்டைப் பார்த்துட்டு ஒருத்தனும் வாங்கல."

வைத்தியருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று மனைவியின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டார், கேட்காமலே. அவளுக்குக் கோபம் பாதிதான் போயிற்று.

மலையேற்றம் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் வீட்டை ஆசையாக வாங்கிக்கொண்டார். முன்னோர்களை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை; அவர்களும் கிளம்பி வந்தார்கள். புது வீட்டு லிஃப்டில் பத்துப் பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று எழுதியிருந்தது. முன்னூறு வருஷமும் ஒரே நடையில் மேலே போயிற்று. கணவனும் மனைவியும் அடுத்த நடைக்குக் காத்து நின்றார்கள்.