பதின்மூன்றாம் கட்டம்

பேஸ் கிதாரைத் தோளிலிருந்து இறக்காமலேயே வெர்னா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, புதிதாக வந்திருந்த டிரம்மர் இரண்டு குச்சிகளையும் மடியில் போட்டுவிட்டு, "மிஸ் வெர்னா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றான். கேட்கும்போதே அவன் கண் மேடைக்குக் கீழே போயிருந்தது. அங்கே ஆற்று இறால் வேகும் பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, டால்டன் ரஸ்க் சமையல்காரருக்கு மிளகாய்த்தூள் போதாது என்று விளக்கிக்கொண்டிருந்தான். ஒத்திகை முடிந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அவன் சட்டையில் மசாலா தெறித்திருந்தது.

"கேளு ட்ரென்ட்."

"அக்கரைப் பாட்டுல ரெண்டாவது சுத்து பதிமூணு கட்டம் வாசிச்சார். மூணாவது சுத்து பதினொண்ணரை. நான் எண்ணிட்டே இருந்தேன்."

"அதான் நீ செஞ்ச தப்பு."

ட்ரென்ட் நல்ல பையன்தான். நாஷ்வில்லில் முறையாகப் படித்துவிட்டு வந்தவன். பழைய டிரம்மர் ஹார்லன் மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீட்டில் படுத்திருப்பதால், இந்த வாரம்தான் இவனைக் கூப்பிட்டிருந்தார்கள். ப்ளூஸ் பாட்டுக்குப் பன்னிரண்டு கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் நாலு தட்டு, பன்னிரண்டு முடிந்தால் திரும்ப முதலிலிருந்து என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். டால்டன் அந்தப் பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. ஒரு ஸ்வரம் பிடித்துப்போனால் அதிலேயே உட்கார்ந்துவிடுவான். பன்னிரண்டு முடிந்தது, பதின்மூன்று ஓடுகிறது என்பதெல்லாம் மற்றவர்கள் கவலை. அவன் எப்போது இடம் மாறுகிறானோ அப்போதுதான் எல்லோரும் மாற வேண்டும். அந்தக் குழுவில் இருந்த ஒரே சட்டம் அதுதான். ஹார்லன் அவனுடைய பிடரியைப் பார்த்தே கண்டுபிடிப்பார். வெர்னாவுக்குப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. நார்வேயில் ஒரு பத்திரிகைக்காரர் இதை ஆழமான தனிப்பாணி என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். அதைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எனக்குப் பன்னெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதுன்றத எவ்ளோ மரியாதையா சொல்லியிருக்கான் பாரு" என்று டால்டன் வேன் குலுங்கச் சிரித்தான்.

அவன் வாழ்க்கையும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஓடியது. அப்பா இதே ஊரில், போர்ட் ஆர்தரில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெல்டர். மீசை முளைக்கும் முன்பே டால்டன் மாநில எல்லையான சபீன் ஆற்றைத் தாண்டி, லூயிசியானாப் பக்கத்து நடனக்கூடங்களில் சனிக்கிழமைதோறும் வாசித்துக்கொண்டிருந்தான். அந்த ஆற்றைத் தாண்டிப் போவதைப் பற்றி அவன் போட்ட அக்கரைப் பாட்டு ஒரு கோடை முழுக்க எல்லா லாரிகளிலும் ஒலித்தது. பெரிய அரங்கங்களில் பெரிய ஆட்களுக்கு முன்னால் வாசித்தான். பிறகு பத்து வருடம் பாட்டிலோடு குடித்தனம் நடத்தினான். இசைத்தட்டுக் கம்பெனி கைகழுவியது. மறுபடி எழுந்து, பழைய வேனில் ஊர் ஊராகப் போய், அமெரிக்கா மறந்த பிறகு ஜெர்மனிக்காரர்களும் நார்வேக்காரர்களும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட, தலை நரைத்து ஊர் திரும்பினான். இதற்கு நடுவில் வெர்னாவைக் கல்யாணம் செய்துகொண்டான், விவாகரத்தும் வாங்கினான். தீர்ப்பு வந்த வாரமே டல்சாவில் நிகழ்ச்சி இருந்தது. இரண்டு பேரும் ஒரே வேனில் போனார்கள். வெர்னா கல்யாணத்தைவிட்டுத்தான் விலகினாள். அவன் போன்ற புருஷன் கிடைப்பது சுலபம், அவன் போன்ற கிதார்க்காரன் கிடைக்க மாட்டான் என்று தன் அக்காவிடம் சொன்னாள்.

ஆனால் இந்தக் குளிர்காலத்திலிருந்து ஏதோ சரியில்லை. அமரிலோ நிகழ்ச்சியில்தான் முதலில் கவனித்தாள். முன்பெல்லாம் ஸ்வரத்தில் உட்காரும்போது டால்டன் கண்ணை மூடிக்கொள்வான். அன்றைக்குக் கண் திறந்திருந்தது. கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவன் தேடுகிற மாதிரி அது அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தது. வெர்னா அவன் போன பக்கம் போனாள், ஹார்லன் அவள் பின்னால் வந்தார், யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஊர் கைதட்டியது. இத்தனை வருடம் அவனுக்கு ஈடுகொடுத்துப் பழகிய பழக்கமே, அவன் வழி தவறுவதை மூடி மறைக்கவும் உதவியது. அவன் பிடித்துப்போய் நிற்கிறானா, தெரியாமல் நிற்கிறானா என்று இப்போது அவளாலேயே சில சமயம் சொல்ல முடியவில்லை.

இன்றைக்கு ஹார்லனும் இல்லாமல் மறைக்கவும் முடியாது. சொந்த ஊர்த் திருவிழாவில் டால்டன் வாசிப்பதைப் பதிவுசெய்து வெளியிட ஒலிப்பதிவு வண்டி வந்து நின்றது. ஒத்திகையில் அக்கரைப் பாட்டு சிதறிவிட்டது. மூன்று மணிக்கு இந்த மைதானம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, அதே பாட்டு சிதறினால், டால்டன் கிதாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். பிறகு திறக்க மாட்டான். அவளுக்கு அவனைத் தெரியும்.

"காதுக்குள்ள வைக்கிற சின்ன ஸ்பீக்கர் இருக்கு மிஸ் வெர்னா," என்றான் ட்ரென்ட். "டிக் டிக்குன்னு தாளம் போட்டுட்டே இருக்கும். வேணும்னா கட்டத்தையும் எண்ணிச் சொல்லும். இப்ப எல்லாரும் வைக்கிறாங்க."

"அவன் காதுல கடிகாரத்த மாட்டினா, கிதாரக் கழட்டி உன் கழுத்துல போட்டுட்டுப் போயிடுவான். சும்மா இரு. நான் பேசிட்டு வரேன்."

பேசியே ஆக வேண்டும் என்று கீழே இறங்கினாள். கால் பெருவிரல் முட்டி வீங்கியிருந்ததால் அன்று தட்டையான கறுப்பு ஷூ போட்டிருந்தாள். செய்தித்தாள் விரித்த நீள மேசையில் டால்டன் இறாலும் சோளமும் உருளைக்கிழங்குமாக ஒரு குன்றைக் கொட்டிவைத்து உட்கார்ந்திருந்தான். அவள் எதிரில் உட்கார்ந்ததும், ஒரு இறாலின் தலையைத் திருகி ஓட்டை உரித்து, சதையை அவள் பக்கம் தள்ளினான். விவாகரத்துப் பத்திரத்தில் இந்த விஷயத்தைக் குறிப்பிட மறந்துவிட்டார்கள் என்று அவள் எப்போதும் சொல்வதுண்டு.

"அந்தப் பையன் மூஞ்ச ஏன் அப்படி வச்சிருக்கான்?" என்றான். "நம்மள எண்ணிப் பாத்தானா?"

"பாத்தான்."

"பாவம்."

"டால்டன், நான் ஒண்ணு சொல்லணும். குளிர்காலத்துலேருந்தே..."

"உன் சிவப்பு பூட்ஸ் எங்க?"

"வேன்ல கிடக்கு. கால் வீங்கியிருக்கு. பேச்ச மாத்தாத."

"மாத்தல. மேடையில தரை கறுப்பு. நீ கறுப்பு ஷூவ மாட்டிட்டு வந்து நின்னா நான் எதப் பாக்கிறது?"

வெர்னா கையிலிருந்த இறாலைக் கீழே வைத்தாள்.

"உன் குதிகால் மேல போச்சுன்னா இடம் மாறணும்," என்றான் டால்டன், இன்னொன்றை உரித்துக்கொண்டே. "அமரிலோலேருந்து அப்படித்தான் வண்டி ஓடுது. முன்னாடியெல்லாம் நான் எங்க நிக்கிறேன்னு தெரியும், அப்புறம்தான் கட்டத்த மீறிப் போவேன். இப்ப எங்க நிக்கிறேன்னே தெரியல. தொலஞ்சு போயி, உன் காலப் பாத்து வீடு வந்து சேர்றேன்."

"நான் குதிகாலத் தூக்குறேனா?"

"முப்பது வருஷமா தூக்குற. மாறுறதுக்கு ஒரு தட்டு முன்னாடி. நம்ம கல்யாணத்துல சர்ச் ஆர்கனுக்கே தூக்கின."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "டாக்டரப் பாத்தியா?"

"பாத்தேன். சின்னப் பொண்ணு. மறதிக்கு டெஸ்ட்டுன்னு ஒரு வட்டம் போட்டுக் குடுத்து, கடிகாரம் மாதிரி எண் எழுதச் சொன்னா. எழுதினேன். பன்னெண்டும் ஒரே பக்கமா போய் ஒக்காந்திடுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"நார்வேக்கு அனுப்பிப் பாருங்க, அங்க புரிஞ்சுக்குவாங்கன்னேன்."

அண்டாவிலிருந்து ஆவி வந்து கண்ணைக் கரித்தது, அது ஒரு சௌகரியம். ஏன் தன்னிடம் முன்னாலேயே சொல்லவில்லை என்று அவள் கேட்க நினைத்தாள். சொல்லியிருந்தால் அவள் அப்போதே வேனை ஊருக்குத் திருப்பியிருப்பாள், அது அவனுக்கும் தெரியும். அதனால் கேட்கவில்லை.

"இன்னிக்கு மட்டும் வீடு கொண்டு போய் விடு," என்றான். "அக்கரைய ஒழுங்கா முடிச்சுட்டா போதும். நாளைக்கு நீ என்ன சொன்னாலும் கேக்கிறேன்."

"கல்யாணத்தன்னைக்கும் இதத்தான் சொன்ன," என்று எழுந்தாள்.

வேனில் உட்கார்ந்து பூட்ஸுக்குள் காலைத் திணித்தபோது உயிர் போய் வந்தது. மேடைக்கு வந்ததும் ட்ரென்டிடம், "அவனப் பாக்காத, எண்ணாத. என் வலது குதிகாலப் பாரு" என்றாள். அவன் குனிந்து அந்தச் சிவப்பு பூட்ஸைப் பார்த்துவிட்டு அவள் முகத்தையும் பார்த்தான். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அதற்காகவே அவன்மேல் அவளுக்குக் கொஞ்சம் பிரியம் வந்தது.

மைதானத்தில் மடக்கு நாற்காலிகள் நிரம்பியிருந்தன. ஆலையில் ஓய்வுபெற்றவர்கள், அவர்கள் மனைவிமார், பேரப்பிள்ளைகள். சிலர் விரலில் இன்னும் மசாலா. எல்லோரும் எதிர்பார்த்த பாட்டை டால்டன் நான்காவதாக எடுத்தான். முதல் சுற்று ஓடியது. பன்னிரண்டு நிறையும்போது வெர்னா குதிகாலைத் தூக்கினாள், இந்த முறை வேண்டுமென்றே, நன்றாகத் தெரிகிற மாதிரி. டால்டன் இடம் மாறினான். ட்ரென்டும் மாறினான். தையல் பிரியாமல் பாட்டு மடிந்து அடுத்த சுற்றுக்குள் போனது. இரண்டாவது சுற்றும் அப்படியே. மேடை ஓரத்தில் பதிவுக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ட்ரென்ட் முகத்தில் பல் தெரிந்தது.

தப்பே இல்லை. அதுதான் வெர்னாவுக்குப் பொறுக்கவில்லை. பாட்டு சலவைக்குப் போய்வந்த சட்டை மாதிரி இருந்தது. டால்டன் பள்ளிக்கூடப் பையனைப் போலக் கண்ணை அகலத் திறந்து அவள் காலையே பார்த்துக்கொண்டு வாசித்தான். அவன் இப்படி ஒழுங்காக வாசித்து அவள் கேட்டதே இல்லை. ஹோட்டல் முகப்பில் வாசிக்கிற யாரோ ஒருவன் இதை வாசித்திருக்கலாம். நாளைக்கு எல்லோரும் கேட்கப்போவது இதைத்தான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

மூன்றாவது சுற்றில் அந்த இடம் வந்தது. படகு கரையைவிட்டு நகர்வதாகப் பாடிவிட்டு, கம்பியை மேல்நோக்கித் தள்ளி, ஒரு ஸ்வரத்தை அழவைப்பான். அந்த ஆற்றங்கரையில் அவளை முதலில் பார்த்த காலத்திலிருந்து அவன் தங்கிப்போகிற இடம் அது. கம்பியைத் தள்ளினான். ஸ்வரம் எழுந்தது. பன்னிரண்டாவது கட்டம் முடியப்போனது. குதிகால் தூக்க வேண்டிய தட்டு வந்தது.

வெர்னா குதிகாலைத் தரையில் அழுத்தினாள். வலி இடுப்புவரை ஏறியது. டால்டன் பூட்ஸைப் பார்த்தான். அது அசையவில்லை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் பேஸ் கிதாரின் அந்த ஒரே கம்பியைத் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள். பின்னால் ட்ரென்டும் அவள் காலைப் பார்த்தபடி, இடம் மாறாமல், பதின்மூன்றாவது கட்டத்துக்குள் அடித்துக்கொண்டேயிருந்தான்.

டால்டன் மெல்ல நகர்ந்து அவள் பக்கத்தில் வந்தான். இடது காலைத் துழாவி, தன் பழைய ஷூவின் ஓரத்தை அந்தச் சிவப்புத் தோலோடு ஒட்டி வைத்துக்கொண்டான். பிறகு கண்ணை மூடினான். ஸ்வரம் மைதானத்தைத் தாண்டி, ஆலைப் புகைக்குழாய்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவள் குதிகால் இன்னும் தரையில்தான் இருந்தது.