டிகிரிச் சண்டை

மேலக்குடிக்கும் கீழக்குடிக்கும் நடந்த போருக்குக் காரணம் ஒரு பலகை. குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவே, இரண்டு ஊரும் சேருகிற வளைவில், வெப்பநிலை காட்டும் மின்பலகை ஒன்றை எந்தப் புண்ணியவானோ நட்டுவைத்துவிட்டுப் போனான். மேலக்குடிக்காரர்களுக்கு அதில் எண் இறங்க வேண்டும்; குளுகுளுவென்று இருந்தால்தானே அவர்கள் விடுதிகளுக்கு ஆள் வரும். கீழக்குடிக்காரர்களுக்கு எண் ஏற வேண்டும். வெயில் கொளுத்தினால்தானே வறட்சி நிவாரணம் கேட்க வாய் வரும்.

இரண்டு ஊரிலும் வீட்டுக்கொரு பட்டாளத்துக்காரர், இல்லையென்றால் போலீஸ்காரர். ஓய்வுபெற்றுச் சும்மா கிடந்தவர்களுக்கு இது போதாதா? வளைவில் மணல்மூட்டை அடுக்கினார்கள். விசில் ஊதிக் காவல் மாற்றினார்கள். மேலக்குடிப் படை பலகையின் மண்டையில் ஈரச்சாக்கைப் போர்த்தும். கீழக்குடிப் படை ஆவி பறக்கும் இட்லிக் கொப்பரையைத் தூக்கிவந்து அடியில் வைக்கும். அந்தப் பாழாய்ப்போன பலகையும் இருபத்தாறுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவே கிடந்து அல்லாடியது.

மேலக்குடிக்குத் தளபதி, பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்த நம்பிராஜன். கீழக்குடிக்குத் தளபதி, பெயர்தான் குற்றாலீஸ்வரன், பேச்செல்லாம் வெயில். இருவரும் சம்பந்திகள் என்பதுதான் கூத்து. நம்பிராஜனின் மகள் ஜெயசித்ராவைக் குற்றாலீஸ்வரனின் மகன் சுபாஷுக்குக் கட்டிக்கொடுத்திருந்தது.

அவளுக்குத் தலைப்பிரசவம். பெற்றவர்கள் போய் வளையல் போட்டு வீட்டுக்கு அழைத்து வருவதுதானே முறை? ஆனால் பலகை இருபத்தைந்தைக் காட்டாமல் அந்த வளைவைத் தாண்ட மாட்டேன் என்று நம்பிராஜன் ஊர் நடுவே சபதம் போட்டிருந்தார்.

"நான் போயி கூட்டிட்டு வாறேன்" என்றாள் மனைவி தங்கத்தாய்.

"தளபதி பொண்டாட்டியே தாண்டுனா ஊரு சிரிக்காதா?"

மகள் போனில் கேட்டாள். "அப்பா, எப்ப வாறிய?"

"ரெண்டு டிகிரிதாம்மா பாக்கி. இறங்கட்டும், ஓடி வந்துருதேன்."

"சரிப்பா" என்று வைத்துவிட்டாள். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வீம்பு விடவில்லை.

மாசம் நிறையும் முன்பே அவளுக்கு வலி கண்டுவிட்டது. ராத்திரி சுபாஷ் போனில் கூப்பிட்டான். "மாமா, தென்காசி ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். பொம்பளப்பிள்ள பொறந்துட்டு. ரொம்பச் சின்னதா இருக்கு." நம்பிராஜன் தங்கத்தாயைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வளைவைத் தாண்டிப் பறந்தார். இரு படையிலும் ஒருவரும் தடுக்கவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால், சூடு தரும் விளக்கின் கீழே பிள்ளை கிடந்தது. அதன் தலைமாட்டில் சிவப்பாக ஓர் எண்: 34.8. வெளியே குற்றாலீஸ்வரன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"உடம்பு ஜில்லுன்னு இருக்கு. முப்பத்தாறரைக்கு வரணும். வந்தாத்தான் எதுவும் சொல்ல முடியும்" என்றாள் நர்ஸ்.

இறங்கு, இறங்கு என்று பலகையைப் பார்த்துக் கத்திய நம்பிராஜன், அந்தக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கும்பிட்டார். "ஏறு தாயி. ஏறு."

"ஏறிரும் அண்ணாச்சி" என்று குற்றாலீஸ்வரன் அவர் கையைப் பிடித்தார். விடிந்து வெயில் வரும்வரை இருவரும் அந்த எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வார்டில் ஜெயசித்ரா வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். தங்கத்தாய் பக்கத்தில் இருந்தாள். அப்பாவைக் கண்டதும் மகள் கோபப்படுவாள் என்று நம்பிராஜன் பயந்துகொண்டேதான் உள்ளே போனார்.

"எத்தன இருக்குப்பா?" என்றாள்.

"முப்பத்தஞ்சர. ஏறுதும்மா."

"ஏறட்டும். ஏறுனதும் நம்ம வீட்டுக்குப் போவோம்" என்று அவர் கையைத் தடவிக்கொடுத்தாள்.

நம்பிராஜன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார்.