அனார்கான் அக்கா வைத்திருந்த கடிதம்

என் கணவர் தொக்தோசுன் அவசரக்காரர். ஊர்க் கடன் சங்கத்தில் வாங்கிய மாட்டுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டிவிட்டு வந்த அன்றே, வீட்டை அடமானம் வைத்த பத்திரத்தைக் கிழித்துச் சமோவாரில் போட்டுக் கொளுத்தினார். அந்தத் தீயில் கொதித்த டீயை அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தார். தொல்லை ஒழிந்தது என்று நானும் சிரித்தேன். பதிவு அலுவலகத்தில் வில்லங்கத்தை நீக்க வேண்டும் என்ற நினைப்பு இரண்டு பேருக்குமே வரவில்லை.

அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. மகள் மீரிமுக்குப் பிஷ்கெக்கில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நான் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அதனால் கோச்கோரில் இருந்த எங்கள் வீட்டை விற்க ஆள் கிடைத்து முன்பணமும் வாங்கிய பிறகு, அடமானம் இன்னும் கடன் சங்கத்தின் பேரில் நிற்கிறது என்றார் நோட்டரி. சங்கத்தை மூடியே பதினான்கு வருடம். நீதிமன்றத்துக்குப் போனால் மாதக்கணக்காகுமாம். வாங்குகிறவரோ வெள்ளிக்கிழமைக்கு மேல் பொறுக்க முடியாது என்றார். செத்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

சங்கத்தின் தலைவியாக இருந்த அனார்கான் அக்கா, ஓஷ் நகரில் மகன் வீட்டில் சில வருடம் இருந்துவிட்டு இந்த வசந்தத்தில்தான் ஊர் திரும்பியிருந்தார். அவரிடம் போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள் மெத்தை அடுக்கிய பெட்டியைத் திறந்து ஓர் உறையை எடுத்தார். வில்லங்கத்தை நீக்கச் சொல்லும் கடிதம், கையெழுத்தும் முத்திரையுமாக. சங்கத்தை மூடி முத்திரையை ஒப்படைப்பதற்கு முந்தின நாள், கடனை அடைத்த நாற்பத்தோரு வீட்டுக்கும் எழுதினாராம். நாற்பது பேர் வந்து வாங்கிப் போனார்கள்.

"உன் வீட்டுக்காரன்கிட்ட ரெண்டு தடவை வந்தேன். குடுத்தா இதையும் சமோவார்ல போடுவேன்னான். போடவும் போடுவான். அதான் நானே வச்சுக்கிட்டேன்."

மூட்டுவலியோடு எழுபத்தெட்டு வயதில் என்னோடு வேனில் ஏறிப் பதிவு அலுவலகத்துக்கும் வந்தார். சங்கம் உயிரோடிருந்தபோது எழுதிய கடிதம் என்பதால் செல்லும் என்றார்கள். வியாழன் மதியமே வில்லங்கம் நீங்கியது.

வெளியே வந்ததும் என் சால்வையை அவர் தோளில் போட்டேன். இப்படியும் ஒரு மனுஷியா என்று மலைப்பாக இருந்தது. ஒரு காகிதத்தை இத்தனை வருடம் எதற்குச் சுமந்தீர்கள் என்று கேட்டேன்.

"அவன் சாவுக்கு வந்தேன்ல. சாவு வீட்ல அடமானப் பேப்பரை நீட்ட மனசு வரல. ஜனாஸா தொழுகையில உன் கொழுந்தன் எழுந்து, அண்ணன் யாருக்காச்சும் தரவேண்டியிருந்தா எங்கிட்ட வாங்கிக்குங்க, அண்ணனுக்கு யாராச்சும் தரவேண்டியிருந்தா விட்டுட்டோம்னு சொன்னானே. சாவுக்குப் போட்ட கூடாரத்துக்குள்ள எல்லாரும் தலையாட்டினாங்க. அவனுக்கு இந்தக் கடிதத்தைத் தரவேண்டியவ நான் உக்காந்திருக்கேன், எப்படிடி தலையாட்டுறது?"