வச்சிரநாடு இருக்கும் இடம்

வச்சிரநாடு எங்கே இருக்கிறது என்று வாசகர்களுக்குள் பல வருடமாகச் சண்டை. கனகசபாபதி அண்ணாச்சி சிவகாசியில் தன் அச்சகத்திலிருந்து மாதம் ஒன்றாகப் போடும் படக்கதைப் புத்தகத்தில் வருகிற நாடு அது. மூன்று பக்கம் கடல், நடுவே வளைந்து போகும் ஓர் ஆறு, ஆற்றின் இருபுறமும் ஏழெட்டு ஊர்கள். முதல் இதழின் உள்ளட்டையில் வரைபடமே உண்டு. அதை வரைந்தவர் செத்துப்போய் வெகுகாலமாகிவிட்டது. வாசகர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அது இத்தாலிக்குப் பக்கம் என்பார். தூத்துக்குடிக்காரர் ஒருவர் பர்மாக் கரைதான் என்று அடித்துப் பேசுவார். கதை எழுதுகிற அண்ணாச்சியையே கேட்டால், கல்யாணப் பத்திரிகை ஆர்டர்களிலிருந்து தலையைத் தூக்காமல், "எனக்கே தெரியாதுய்யா. தெரிஞ்சா நான் ஏன் இங்கன கெடந்து அவதிப்படுதேன்" என்பார்.

சிவபாண்டிக்கு அந்த அச்சகத்தில்தான் வேலை. கம்ப்யூட்டரில் படங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி, வசனத்தை ஏற்ற வேண்டும். எதையும் இரண்டு முறை சரிபார்ப்பான். சரியாக இருந்தால் அதுவே சந்தேகமாகி மூன்றாம் முறையும் பார்ப்பான். வாரத்தில் சில நாள், வேலை முடிந்ததும், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் மாலை வகுப்புக்குப் போனான். கம்ப்யூட்டரில் நிலப்படம் தயாரிக்கும் படிப்பு. நடத்துகிற பிரீத்திகாவுக்கு அவனைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். பழைய வரைபடம் ஒன்றை எடுத்து இன்றைய நிலத்தின் மேல் உட்கார வைத்துக் காட்டுங்கள் என்று எல்லோருக்கும் வேலை கொடுத்திருந்தாள். வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தொட்டு, இது நிஜத்தில் இன்ன இடம் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சில புள்ளிகளைச் சொன்னால் மொத்தப் படமும் திரும்பி, நீண்டு, சுருங்கி, நிலத்தின் மேல் படிந்துகொள்ளும். மற்றவர்கள் கிராம வரைபடங்களோடு வந்தார்கள். சிவபாண்டி வச்சிரநாட்டைக் கொண்டுபோனான்.

இத்தாலியில் அது உட்காரவில்லை. பர்மாவில் ஆறு மலைமேல் ஏறியது. இலங்கை, கிரேக்கம் என்று பார்த்துவிட்டுச் சலித்துப்போய் அவன் செய்த காரியம்தான் வினையானது.

கதையில் அப்போது கந்தகன் என்ற வில்லனின் காலம். இதழுக்கு ஓர் ஊரைக் கொளுத்துவான். ஆடி இதழில் பருத்திப்பேட்டையைக் கொளுத்தினான். அந்தப் புத்தகம் கடைக்குப் போன வாரத்தில்தான் சிவபாண்டியின் சொந்த ஊரான ஏழாயிரம்பண்ணைக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனி வெடித்தது. அவன் தெருவில் இருக்கும் வெள்ளைத்தாயின் மகளும் அதில் செத்தவர்களில் ஒருத்தி. ஆவணி இதழில் எண்ணெய்க்கோட்டை எரிந்தது. அதே வாரத்தில் நாரணாபுரத்தில் ஒரு பேப்பர் குடோன் எரிந்தது, உயிருக்குச் சேதமில்லை. அன்றாடம் டயரி எழுதுகிறவன் என்பதால் அவனுக்குத் தேதிகளில் குழப்பமில்லை. பருத்திப்பேட்டையைத் தொட்டு, வெடித்த கம்பெனியைக் காட்டினான். எண்ணெய்க்கோட்டையைத் தொட்டு, நாரணாபுரத்தைக் காட்டினான்.

வச்சிரநாடு மெதுவாகத் திரும்பிப் படிந்தது. படக்கதையின் ஆறு, வைப்பாற்றின் மேல் ஏறக்குறைய வளைவுக்கு வளைவு கிடந்தது.

அவன் நாற்காலியை இழுத்துத் திரைக்கு நெருங்கி உட்கார்ந்தான். ஏனென்றால் புரட்டாசி இதழின் பக்கங்கள் ஏற்கெனவே அவனிடம் வந்திருந்தன. அதில் எரியப்போவது நாணயச்சாலை. நாணயச்சாலையைக் குறித்த கறுப்புப் பொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தான். காய்ந்த புஞ்சைகளுக்கு நடுவே ஒரு பட்டாசுக் கம்பெனி. அதன் அறைகள், இடையில் நிற்கும் வேப்பமரங்கள் எல்லாவற்றையும் அந்தப் பொட்டு மூடியிருந்தது. அவன் அம்மா முத்துமாரி தினமும் காலையில் வேன் ஏறிப் போவது அங்கேதான்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் பிரீத்திகாவிடம் படத்தை மட்டும் காட்டினான். அவள் சிரிக்கவில்லை. நிதானமாகத்தான் சொன்னாள்.

"ரெண்டு புள்ளி குடுத்தா எந்தப் படமும் எந்த ஊர்லயும் உக்காந்துரும் சிவபாண்டி. அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மூணாவது புள்ளி பொருந்துதான்னு பாக்கணும். அதுதான் உண்மையச் சொல்லும்."

ஆறு எப்படிப் பொருந்தியது என்று கேட்டான். உலகத்தில் எல்லா ஆறும் வளைந்துதான் போகிறது என்றாள். அவள் சொன்னது சரி. பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அவன் அதைச் சரி சரி என்றே சொல்லிக்கொண்டு வந்தான். ஆனால் அந்த மூன்றாவது புள்ளியில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். பொருந்துகிறதா என்று காத்திருந்து பார்க்கிற சோதனையா அது?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், அடுத்த வாரம் வேலைக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னான். காரணம் கேட்டாள்; சும்மாதான் என்றான். தீபாவளி சீசனில் லீவு போட்டால் அப்புறம் சீசன் முடிந்தும் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் சோற்றை வடிக்கப் போய்விட்டாள்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. தீயை நகர்த்த வேண்டும். படத்தில் பின்னணியும் வசனத்தில் ஊர்ப்பெயரும் அவன் கையில்தான் இருந்தன. ஆனால் எங்கே நகர்த்துவது? வச்சிரநாட்டின் ஒவ்வோர் ஊராகத் தொட்டுப் பார்த்தான். முத்துத்துறை, இருக்கன்குடிக் கோயிலுக்கு வருகிற சனம் தங்கும் ஆற்றுமணலில் விழுந்தது. அரண்மனை, சாத்தூர் பஸ் ஸ்டாண்டில். கப்பலில் தீப்பிடிப்பதாக மாற்றலாம் என்று கடலுக்குப் போனால், கடல் விருதுநகர்க் கடைத்தெருவில் அலையடித்துக்கொண்டிருந்தது. வரைந்தவர் வெறுமையாக விட்ட இடத்தில்கூட யாரோ ஒருவர் வீடு கட்டிக் கொடியில் துணி காயப்போட்டிருந்தார்கள்.

ஆள் இல்லாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. பருத்திப்பேட்டை. எரிந்து முடிந்து, அதிகாரிகள் சீல் வைத்து, வேலி போட்ட இடம்.

அண்ணாச்சியிடம் போய், நாணயச்சாலைக்குப் பதில் பருத்திப்பேட்டையே மறுபடி எரியட்டும் என்றான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

"ஏலே, எரிஞ்ச ஊரப் போயி எவன்லே திரும்ப எரிப்பான்? கந்தகனுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"வாசகர் யாரும் எதிர்பாக்க மாட்டாக அண்ணாச்சி."

அவர் பேனாவை எடுத்தார். பிறகு, தப்பித்தவர்கள் ஊருக்குத் திரும்பி வந்து குடியேறுவதாகவும், கந்தகன் அதற்காகவே காத்திருப்பதாகவும் அவராகவே இரண்டு வசனம் சேர்த்தார். நல்ல யோசனை என்று டீ வாங்கிக் கொடுத்தார். சிவபாண்டி அதை ஆறவிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினான். நாணயச்சாலை என்ற சொல் எங்காவது தங்கிவிட்டதா என்று பக்கம் பக்கமாகத் தேடிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் புத்தகக் கட்டுகள் பஸ்களில் ஏறிப் போயின. அன்று வகுப்பு இல்லை. வெயில் இருக்கும்போதே ஊருக்கு வந்து, தெருமுனையில் நின்று வேனுக்காகக் காத்திருந்தான். முத்துமாரி இறங்கி வந்தாள். கையெல்லாம் வழக்கம்போல் பட்டாசு மருந்தின் வெள்ளிச் சாம்பல் நிறம். மற்றபடி முழுசாக இருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்குப் பேச வாய் வந்தது. வீட்டில் அவள் முகம் கை கால் கழுவுகிற நேரத்தில், வரைபடம், இரண்டு தீ, மூன்றாவது புள்ளி, தான் செய்த மாற்றம் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பொம்மப் புத்தகத்துத் தீ எங்க ரூமுக்கு வருதாக்கும். போர்மேன்ட்ட சொன்னா எனக்கும் ஒரு பொம்ம போடச் சொல்லுவாரு." சோப்பைத் தேய்த்துக்கொண்டே, "அப்பொ அந்தத் தீய எங்கன கொண்டு வச்சே?" என்றாள்.

"எரிஞ்ச கம்பெனியில. அங்கனதான் ஆள் கெடையாதே."

சோப்புப் போட்ட கை அப்படியே நின்றது.

"ஆள் கெடையாதுன்னு உனக்கு யாருலே சொன்னா?" அவள் குரல் இறங்கியிருந்தது. "வெள்ளிக்கெழம தவறாம வெள்ளைத்தா அங்கன போயி மகளுக்கு வெளக்கு ஏத்துறா. தெருவுக்கே தெரியும். நீ என்னைக்கு இந்நேரம் ஊர்ல இருந்தே, உனக்குத் தெரிய?"

நம்புகிறேன் என்றும் அவள் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. கையைச் சேலையில் துடைத்தபடி வாசலைத் தாண்டிவிட்டாள். அவன் பின்னாலேயே ஓடினான்.

கருவேலங்காட்டைச் சுற்றிப் போனால் வேலி. ஓரிடத்தில் கம்பியை யாரோ வளைத்து ஆள் நுழைய வழி செய்திருந்தார்கள். உள்ளே கூரை பறந்துபோன அறைகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் சுவரிலும் கரி. ஆடியிலிருந்து வேலை நடக்காததால் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்து, காய்ந்து, காற்றுக்குச் சலசலத்தது. அந்தப் புல்லுக்கு நடுவே, கதவில்லாத ஓர் அறையின் வாசலில், வெள்ளைத்தாய் அகல்விளக்குக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

எழுந்து வா என்று சொல்லத்தான் முத்துமாரி அவ்வளவு வேகமாக வந்தாள். வந்தவள் வாசலுக்கு இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள். என்னவென்று சொல்வது? என் ரூமுக்கு வரவேண்டிய தீயை என் மகன் உன் மகள் செத்த இடத்துக்குத் திருப்பிவிட்டான் என்றா?

வெள்ளைத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். "வாங்க மதினி. இம்புட்டு நாளும் ஒத்தையிலதான் வந்துட்டுப் போறேன். இன்னைக்குத்தான் ஒரு ஆளு வந்துருக்கீக." தன் பக்கத்தில் தரையைக் கையால் தட்டித் துடைத்தாள்.

முத்துமாரி உட்கார்ந்தாள்.

 அம்மா இருக்கும் இடத்திலிருந்து தீயை நகர்த்தி, வச்சிரநாடு முழுக்கத் தேடி, ஆள் இல்லாத இடம் என்று சிவபாண்டி தேர்ந்தெடுத்த பொட்டுக்குள் அம்மாவே வந்து உட்கார்ந்துவிட்டாள். விளக்கை ஊதி அணைக்கலாம். அணைத்துவிட்டு வெள்ளைத்தாயின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

அவன் குத்தவைத்து உட்கார்ந்து, விளக்குக்குப் பக்கத்தில் இருந்த புல்லைப் பிடுங்க ஆரம்பித்தான். முதலில் சுடருக்கு ஒட்டி இருந்தது, பிறகு அதற்கடுத்த வட்டம், பிறகு அதற்கும் அடுத்தது. கிடந்த தகரத் துண்டு ஒன்றை எடுத்துச் செதுக்கப் போனபோது அம்மா தடுத்தாள்.

"இரும்பு தகரம் எதையும் தொடாதே. தரையில இன்னும் வெடிமருந்து கெடக்கும், உரசுனா பத்திக்கும். கையால புடுங்கு."

கையால் பிடுங்கினான். விரலிடுக்கில் புல் அறுத்தது. பிடுங்கியதை அள்ளி வேலி ஓரத்தில் போட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தான்.

"எம் புள்ள கெடந்த எடத்த எப்பிடிச் சுத்தம் பண்ணுதான் பாருங்க மதினி" என்றாள் வெள்ளைத்தாய். "வேற யாருக்குத் தோணுச்சு இது? நல்லா இருப்பேய்யா."

அவன் அடுத்த பிடிப் புல்லைப் பிடுங்கினான். காற்று மாறி அடித்தது. சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து அம்மாவின் முழங்காலைத் தொடுவதுபோல் நீண்டது. அந்தப் பக்கத்தில் இன்னும் புல் இருந்தது. அவன் அங்கே நகர்ந்தான்.