மூன்று பல் தள்ளி

ஐந்தரைக்கு எழுகிறேன். காபி போடுகிறேன். ரொட்டி ஒரு துண்டு. பூனைக்குத் தீனி. வீட்டின் அடித்தளத்தில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதன் தொட்டி தினமும் முக்கால் நிறைந்திருக்கும், கொட்டுகிறேன். பள்ளி நாட்களில் ஆறே முக்காலுக்குக் கிளம்புகிறேன். சனிக்கிழமைகளில் கிளம்புவதில்லை. அதே நேரத்துக்கு ஷூ மட்டும் போட்டுக்கொண்டு உட்காருகிறேன்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை அப்படி உட்கார்ந்திருந்தபோது பெர்னி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“எங்கயும் இல்ல.”

“நல்லதாப் போச்சு. அந்த ஷூவக் கழட்டு. கிரீஸ் பட்டா அழுவ.”

பெர்னி என் மனைவி கோலெட்டின் அக்கா. டயர் கடையில் வீல் அலைன்மென்ட் பார்க்கிறாள். குள்ளம். ஒரு கையில் ஜாக்கியும் மறு கையில் டோனட் பெட்டியும் வைத்திருந்தாள்.

கோலெட் மார்ச்சில் இறந்துபோனாள். காலை பத்து மணிக்கு, வேலை செய்த கடையில் யாருக்கோ பச்சைப் பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்தபோது, மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. முப்பத்தோரு வயது.

வண்டி அவளுடையது. எண்பத்தாறாம் வருடத்து பிக்கப். நீல நிறம், ஒரு கதவு மட்டும் வெள்ளை. வருடாந்தர இன்ஸ்பெக்ஷன் ஸ்டிக்கர் இந்த மாதத்தோடு முடிகிறது. போன வாரம் கொண்டுபோய்க் காட்டினேன். மெக்கானிக் முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது கதவு போல ஆடியது.

“இத ஓட்டிக்கிட்டு வந்தீங்களா, ஜெபம் பண்ணிக்கிட்டு வந்தீங்களா?” என்றார்.

மாற்ற வேண்டியவற்றை எழுதிக் கொடுத்தார். தாளின் இரண்டு பக்கமும் எழுதினார்.

அன்று எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. நான்கு மணிக்கு கோலெட்டின் அம்மா ரோஸ்மேரி ஒரு தாளோடு வருவதாக இருந்தாள். கல்லறைக் கல்லின் வரைபடம். திங்கட்கிழமை எழுத்து வெட்டத் தொடங்குகிறார்கள். கணவன் கையெழுத்து வேண்டுமாம். கல்லில் கோலெட்டின் பெயர், இரண்டு தேதிகள். பக்கத்தில் என் பெயர், பிறந்த வருடம், ஒரு கோடு, அதற்குப் பின் வெற்றிடம். கீழே ஒரு வாக்கியம்: ‘எனக்கு எல்லாம் கிடைத்துவிட்டது.’

கோலெட் கடைசியாகச் சொன்னது அது என்று ஊரே நம்புகிறது. அவள் அதைச் சொல்லவில்லை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ரோஸ்மேரி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “கடைசியா என்ன சொன்னா?” என்று கேட்டாள். உண்மையில் சொன்னதை அந்த இடத்தில் சொல்ல முடியவில்லை. “எனக்கு எல்லாம் கிடைச்சிருச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு அப்படின்னா” என்றேன். ரோஸ்மேரி பிடியை விட்டாள். இரண்டு வாரம் கழித்து பாதிரியார் அதைப் பிரசங்கத்தில் சொன்னார்.

கையெழுத்துப் போட்டால் பொய் கிரானைட்டில் ஏறும். ஒருநாள் நானும் அதன் அடியில் போய்ப் படுப்பேன். உண்மையைச் சொன்னால் ரோஸ்மேரி வீட்டுக்குள் விடுவாளா என்று தெரியாது. வெள்ளிக்கிழமை இரவு அங்கேதான் சாப்பிடுகிறேன். வாரத்தில் அன்றுதான் யாரோடாவது சாப்பிடுகிறேன்.

வண்டியைத் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தினோம். இடது சக்கரத்தைக் கழற்றினோம். பெர்னி சுருள் ஸ்பிரிங்கின் ஊடாக ஒரு சங்கிலியைக் கோத்து வண்டிச் சட்டத்தோடு கட்டினாள்.

“வாத்தியாரே, பிசிக்ஸ்தான சொல்லித் தர்ற? இந்த ஸ்பிரிங் எவ்வளவு விசைல உக்காந்திருக்கு?”

“ரெண்டாயிரம் பவுண்டு இருக்கும்.”

“அவ்வளவும் உன் மூக்குக்கு நேரா இருக்கு. தள்ளி நில்லு.”

தள்ளி நின்றேன்.

சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்கவும், பக்கவாட்டில் திரும்பவும் விடுவது பால் ஜாயின்ட் என்கிற பந்து மூட்டு. அதன் தண்டு கூம்பு வடிவம். துருவோடு சேர்ந்து பல் கடித்தது போலப் பிடித்திருந்தது. நட்டைப் பாதி தளர்த்திவிட்டு, தண்டைத் தொடாமல், அதைச் சுற்றியிருக்கும் இரும்பைச் சுத்தியலால் அடிக்க வேண்டும். நான் அடித்தேன்.

“அதத் தூங்க வைக்கிறியா?”

இன்னும் கொஞ்சம் பலமாக அடித்தேன்.

“தாலாட்டும் பாடு.”

பலமாக அடித்தேன். எட்டாவது அடியில் டங் என்று விட்டது. எனக்குப் பிடித்திருந்தது. வலது பக்கமும் நானே அடிக்கிறேன் என்றேன். பெர்னி சுத்தியலை என்னிடமே விட்டுவிட்டாள்.

பழைய ஜாயின்ட்டைக் கையில் எடுத்து ஆட்டினால் கிலுகிலுப்பை போலச் சத்தம் வந்தது. ரப்பர் புஷ்கள் விரல் பட்டதும் உதிர்ந்தன. சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராட் முனை ஒன்று தானாகவே கழன்று பெர்னியின் பூட்ஸ்மேல் விழுந்தது.

“இதுலயா அவ மலை ஏறி இறங்கினா?”

“எந்நேரமும் ஸ்டியரிங்க ஆட்டிக்கிட்டே இருப்பா. வண்டிகிட்ட பேசிக்கிட்டே போவா.”

“என்னன்னு?”

“பெரும்பாலும் கெட்ட வார்த்தை.”

பெர்னிக்குத் திருப்தி. புது ஜாயின்ட்டை அழுத்தும் கருவியில் வைத்து இறுக்கத் தொடங்கினாள்.

ஒரு மணிக்கு வலது பக்கமும் பிரிந்து கிடந்தது. வாளிகளைக் கவிழ்த்து உட்கார்ந்து பொலோனா இறைச்சி வைத்த ரொட்டி சாப்பிட்டோம்.

“அம்மா தாள எடுத்துக்கிட்டு வருது” என்றாள் பெர்னி.

“தெரியும்.”

“வாக்கியம் நல்லாருக்கு.”

“ம்.”

“நல்லாருக்குன்னுதான் சொல்றேன். கோலெட் பேசின மாதிரிதான் இல்ல.”

நான் மென்றுகொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. கடுகுச் சாஸை நக்கிவிட்டு எழுந்து வலது பக்கம் போனாள்.

மூன்று மணிக்குள் எல்லாம் ஏறிவிட்டது. ஒவ்வொரு நட்டிலும், கழலாமலிருக்க, காட்டர் பின் மாட்டி வளைத்தேன். அது பொறுமை வேண்டிய வேலை, எனக்கு வரும். ஒவ்வொரு மூட்டிலும் ரப்பர் லேசாக உப்பும்வரை பெர்னி கிரீஸ் அடித்தாள். டயர்களில் சாக்பீஸ் கோடு கிழித்து, இரு கோடுகளுக்கும் இடையே முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு எடுத்தோம். முன்னால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு குறைவாக இருக்க வேண்டும். இருந்தது.

சுரங்கக் கழிவு மேட்டை ஒட்டிய சாலையில் ஓட்டிப் பார்த்தேன். வண்டி பாம்பு போல வளைந்து போனது.

“என்ன பண்ற?”

“நேராத்தான் ஓட்டறேன்.”

“நீ ஆட்டற, அது ஆடுது. முன்ன மாதிரி இல்ல, இப்பச் சொன்னா கேக்கும். கையச் சும்மா வை.”

கையைச் சும்மா வைத்தேன். வண்டி நேராகப் போனது. கோடு பிடித்தது போல, சத்தமில்லாமல். ஒரு மைல் போன பிறகுதான் இருவரும் கீழே பார்த்தோம். சாலை நேர், வண்டி நேர், ஸ்டியரிங் மட்டும் யாரோ தோளில் இடித்துவிட்டுப் போனது போல வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

பெர்னியின் முகம் சிவந்தது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி அளந்தாள். அளவு சரி. மறுபடி அளந்தாள்.

“நான் தப்புப் பண்ணல.”

“நான் ஒன்னும் சொல்லலயே.”

“உன் மூஞ்சி சொல்லுது.”

“ரெண்டு பக்கத்து டை ராடையும் கொஞ்சம் திருகினா ஸ்டியரிங் நேராயிடுமே.”

“ஆயிடும். டயர் கடைல பாதிப் பேரு அதத்தான் பண்றான். நான் பண்ண மாட்டேன். நடு எங்கன்னு மொதல்ல பாக்கணும்.”

வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றினாள். மூன்றரைச் சுற்று. ஒன்றே முக்கால் திரும்பி வந்து நின்றாள். சக்கரங்கள் நேராக இருந்தன. அடியில் ஸ்டியரிங் பாக்ஸும் சரியாக நடுவில் இருந்தது. ஸ்டியரிங் மட்டும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

“அப்ப கீழ எல்லாம் சரி” என்றாள் மெதுவாக. “மேலதான் யாரோ கை வெச்சிருக்காங்க.”

ஹார்ன் மூடியை நெம்பி எடுத்தாள். நட்டின் நடுவே தண்டு தெரிந்தது. அதைச் சுற்றிப் பல் பல்லாக வெட்டியிருக்கும். ஸ்டியரிங் அந்தப் பற்களில் உட்காரும். தண்டில் ஒரு கீறல், ஸ்டியரிங்கில் ஒரு கீறல், இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். நிற்கவில்லை. மூன்று பல் தள்ளி நின்றன. தள்ளி வைத்த இடத்தில், மறக்காமலிருக்க, மஞ்சள் பெயின்ட்டில் சுத்தமாக ஒரு பொட்டு.

எங்கள் வீட்டில் சாவிகளில், ஸ்விட்சுகளில், என் சாப்பாட்டுப் பெட்டியில், எல்லாவற்றிலும் கோலெட் வைத்த அந்த மாதிரிப் பொட்டு உண்டு.

பெர்னி வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

“ஸ்டான்லி” என்றாள்.

“யாரு?”

“ரெண்டு வருஷம் முன்ன இந்த வண்டிய ஓட்டிப் பாத்துட்டு கோலெட்கிட்ட, ஸ்டியரிங் கோணலா இருக்கு, கடைக்குக் கொண்டுவாடி, அடில என்னமோ தேஞ்சிருக்குன்னேன். அடுத்த வாரம் பாத்தா நேரா இருக்கு. யாருடி பண்ணான்னா, பக்கத்து ஊர்ல ஸ்டான்லின்னு ஒரு ஆளு, அரை மணில முடிச்சிட்டான்னா. அரை மணிலயா, எப்படிடான்னு ரெண்டு வருஷமா அந்த ஆளுமேல எனக்குப் பொறாமை.”

“அப்படி யாரும் கிடையாதா?”

“இருக்கானே. இதோ இருக்கான், மஞ்சளா.”

நான் சிரித்தேன். சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. பெர்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கன்னமெல்லாம் கிரீஸ் ஆக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் ரோஸ்மேரியின் கார் வந்து நின்றது. ஒரு கையில் முட்டைக்கோஸ் வதக்கிப் போட்ட நூடுல்ஸ் பாத்திரம், கக்கத்தில் சுருட்டிய தாள்.

“தெருமுனை வரைக்கும் கேக்குது. என்ன சிரிப்பு?”

பெர்னி சொன்னாள். ரோஸ்மேரி குனிந்து பொட்டைப் பார்த்தாள்.

“எங்கிட்டயும் ஸ்டான்லியப் பத்திச் சொன்னாளே. என் பிரேக்க அவன்கிட்ட காட்டணும்னேன். அவன் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோயிட்டான்னா.” பொட்டை விரலால் தொட்டாள். “அவன் பொண்டாட்டிக்குக் குளிர் ஆகாதாம். நானும் பாவம்னு நெனச்சேன்.”

மூவரும் சிரித்தோம். ரோஸ்மேரி சிரித்து முடித்து, வண்டியின் முன்மூடியைத் தன் கோட்டுக் கையால் துடைத்து, தாளை விரித்தாள். நான்கு மூலையிலும் பழைய பால் ஜாயின்ட்டுகளை வைத்தாள். பேனாவை எடுத்து நீட்டினாள்.

“வாழ்நாளெல்லாம் புளுகினவ. கடைசியா ஒரு நல்ல வார்த்தைய உண்மையாச் சொல்லிட்டுப் போயிட்டா. போடு கண்ணு.”

கையைத் துணியில் துடைத்தேன். பேனாவை வாங்கினேன். எழுத்துகள் கல்லில் வரப்போகும் அளவிலேயே இருந்தன. என் பெயருக்கு அடியில் அந்தக் கோடு இருந்தது.

“அம்மா, அத அவ சொல்லல.”

“எத?”

“அந்த வாக்கியத்த. நான்தான் சொன்னேன். நீங்க கேட்டீங்க. நான் எதையோ சொல்லிட்டேன்.”

ரோஸ்மேரி தாளைப் பார்த்தாள், பிறகு என்னை, பிறகு ஸ்டியரிங்கை.

“இதுவும் ஸ்டான்லியா?” என்றாள்.

பெர்னி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

“ஆமாம்மா.”

“ஏழு மாசமா எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். என் பல் டாக்டர்கிட்ட கூட. பாதிரியாரு பிரசங்கத்துல சொன்னாரு.”

“தெரியும். நானும் உக்காந்திருந்தேன்.”

“உக்காந்திருந்த. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என் மேசைலயும் உக்காந்திருந்த.”

“ஆமா.”

அவள் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள். அந்த வாக்கியத்தின்மேல் ஒரு கோடு இழுத்தாள். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது. நிமிர்ந்து மூச்சு விட்டாள். பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

“பேரும் தேதியும் போதும். கையெழுத்துப் போடு.”

போட்டேன்.

“கிறிஸ்துமஸ் வரைக்கும் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே வந்துரு. உருளைக்கிழங்கு நீதான் உரிக்கிற. பியரோகி கொழுக்கட்டைக்கு உரிக்கிற மாதிரி, தோல் பொட்டுகூட இருக்கக் கூடாது.”

“சரிம்மா.”

“அம்மா, இது தண்டனையே இல்ல” என்றாள் பெர்னி. “பாத்திரமும் தேய்க்கட்டும்.”

“நீ சும்மா இரு. உனக்குத் தெரிஞ்சிருக்கு, உன் மூஞ்சியே சொல்லுது.” ரோஸ்மேரி தாளைச் சுருட்டினாள். சுருட்டி முடித்து, அதைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். “இப்ப சொல்லு. நெசமா என்னதான் சொன்னா? ஜோடிக்காம சொல்லு.”

சொன்னேன். அன்று காலை பள்ளிக்குக் கிளம்பி நான் வாசற்கதவைத் திறந்திருந்தேன். அவள் குளியலறையிலிருந்து தலையை நீட்டினாள். வாயில் பல் தூரிகை இருந்தது. அதை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

“சட்டையத் திருப்பிப் போட்டிருக்க. மாத்தாத, அப்படியே போ. பசங்க இன்னைக்காவது உன்ன கவனிப்பாங்க.”