சுத்தமான கரண்ட்

மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கர் கீச்சிட்டது. கையை எடுத்தால் கீச்சு நின்றது. அதற்கடியில் இருந்த 'ஙொய்' மட்டும் நிற்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக் ஸ்பீக்கர் துணியோடு காதை ஒட்டிக்கொண்டு கேட்டார். இருபத்தாறு வருடமாக லிஃப்ட் குழிகளுக்குள் நின்று, எந்த ரோலர் தேய்ந்திருக்கிறது, எந்த பிரேக் உரசுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிப் பழகிய காது. அந்தக் காதுக்கு இந்த ஙொய், பல்லிடுக்கில் மாட்டிக்கொண்ட நார் மாதிரி இருந்தது.

பழைய குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று, அதில் வாழ்நாளைக்குப் போதுமான பாட்டு, கம்ப்யூட்டர் தரும் எண்களை இசையாக மாற்றுகிற கையகலப் பெட்டி, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் ஒன்று, யாரோ வீடு மாறும்போது விட்டுப்போன இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டியது. மேளதாளமான பாட்டுக்கு ஒரு குறையும் தெரியாது. பாட்டு தணியும் இடத்தில்தான் அந்த ஙொய் வந்து சம்மணம் போட்டு உட்காரும்.

இப்போது வந்திருந்ததோ முழுக்கத் தணிந்த பாட்டு. அவர் மனைவி படித்த பள்ளிக்கூடத்தின் சேர்ந்திசை, முப்பத்திரண்டு பெண்கள். கூடப் படித்தவள் ஒருத்தி பழைய டேப்பைத் தேடிப் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பியிருந்தாள். மனைவிக்கு அப்போது பன்னிரண்டு வயது, முதல் வரிசை. அவளுக்கு நேர் பின்னால், இரண்டாம் வரிசையில் அவள் அக்கா.

"நடுவுல நாலு வரி நான் மட்டும் தனியா பாடினேன்" என்று கல்யாணமான புதிதிலிருந்து நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். அந்த நாலு வரி இப்போது ஙொய்க்குள் மூழ்கிக் கிடந்தது. ஒருமுறை கேட்டுவிட்டு, "பரவால்ல விடுங்க" என்று எழுந்து போய்விட்டாள். அந்த 'விடுங்க'தான் அவரைத் தூங்கவிடவில்லை.

அக்காவோடு அவளுக்குப் பேச்சு நின்று ஆறு வருடம். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இனி கத்தி வைக்க வேண்டாம் என்று முடிவெடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்தவள் அக்கா. பத்தாம் நாள் அம்மா போய்விட்டாள். "நீதான் அனுப்பி வச்ச" என்று எல்லார் முன்னாலும் தங்கை சொன்னாள். அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பியவள்தான்.

ஆடியோ கடைக்காரர் கதையைக் கேட்டதும் கையகலப் பெட்டியின் கறுப்பு அடாப்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், உங்க வீட்டு கரண்ட்ல ஃபிரிட்ஜ் குளிக்குது, வாஷிங் மெஷின் குளிக்குது, பக்கத்து வீட்டு மிக்ஸியும் குளிக்குது. அந்தத் தண்ணியத்தான் இது மொண்டு உங்க பாட்டுக்குக் குடுக்குது. பத்தாததுக்கு இதுவும் உள்ள கொஞ்சம் துப்புது."

அடாப்டருக்குப் பதிலாகப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த இரும்புப் பெட்டி ஒன்றைக் கொடுத்து, இரண்டு நாள் வைத்துப் பார்க்கச் சொன்னார். கைக்குழந்தை கனம். அதை மாட்டியதும் ஙொய் பாதியாகக் குறைந்தது. ஆனால் பெட்டி தன் பங்குக்கு 'ம்ம்ம்' என்று உறுமியது. மவுஸ் கீச்சும் போகவில்லை. அது கம்ப்யூட்டரிலிருந்து ஒயர் வழியாகவே வந்துகொண்டிருந்தது.

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி, வாசலில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்தாள். "ஏங்க, நான் ரத்தத்துலகூட இவ்வளவு அழுக்கு பார்த்ததில்ல. கரண்ட்ல பார்க்குறீங்களே!"

மறுநாள் வேலையில், கரண்ட் போய் நின்ற ஒரு லிஃப்டுக்குள் அவர் தனியாக இருந்தார். மோட்டார் இல்லை, ஃபேன் இல்லை. பேட்டரியில் எரியும் அவசர விளக்கு மட்டும். தன் சட்டைப்பையில் சாவி அசைவது கேட்டது. அப்போதுதான் உறைத்தது: எந்த வீட்டோடும் ஒட்டு உறவில்லாத கரண்ட் பேட்டரியில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஃபியூஸ் போட்ட பன்னிரண்டு வோல்ட் பேட்டரியைக் கையகலப் பெட்டிக்குக் கொடுத்தார். கம்ப்யூட்டர் ஒயரின் நடுவே, பாட்டை மட்டும் விட்டுக் கரண்ட்டைத் தடுக்கும் விரல் நீளத் துண்டு ஒன்றைச் செருகினார். மவுஸை நகர்த்தினார். ஒன்றுமில்லை. எங்கேயோ கழன்றுவிட்டது என்று ஒயர்களை எல்லாம் தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. பாட்டைத் தட்டினார்.

பாட்டு வரவில்லை, முதலில் ஒரு கூடம் வந்தது. உயரமான கூரையுள்ள, பெரிய, காலியான கூடம். எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு முப்பத்திரண்டு பெண்கள் ஒன்றாக மூச்சு இழுத்தார்கள். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. என்றோ இழுத்த மூச்சு, தன் வீட்டு வரவேற்பறைக்கு இன்று வந்து சேர்கிறது. எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது. நின்றார்.

"இங்க வா. இப்பவே வா."

ஈரக் கையோடு வந்தவள் பாதி வழியிலேயே நின்றுவிட்டாள். "இது எங்க ஸ்கூல் ஹால்" என்றாள் மெதுவாக.

நாலு வரி வந்தது. சிறு பெண்ணின் குரல், கொஞ்சம் நடுங்கி, முதல் வரியைப் பாடியது. இரண்டாம் வரியின் நடுவில் அறுந்தது. எச்சில் விழுங்கும் சத்தம்கூடக் கேட்டது. அதே கணத்தில் பின்னாலிருந்து, ஓர் அடி தள்ளி, வேறொரு குரல் அறுந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தன் தடிமனை மறைத்து, மெலிந்து, முன்னால் நிற்பவளின் குரலாகவே ஆகப் பார்த்தது. மூன்றாம் வரி முழுக்க அதுதான். நாலாவதில் இரண்டும் சேர்ந்தன.

மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"முதுகுல கை வச்சா. அது ஞாபகம் இருக்கு. பயப்படாதேன்னு வச்சான்னுதான் நெனச்சேன். பாடுனது நானுன்னே…" ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "அவ யார்கிட்டயும் சொல்லலியே. அம்மா போனப்ப அவ்வளவு பேசினேன், அப்பகூடச் சொல்லலியே" என்றாள்.

அவள் ஃபோனைத் தேடி எடுத்தாள். மணி போனது.

"அக்கா."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி சட்டென்று அணைந்தது.

"ஒண்ணு கேக்கணும். வரியா?"

"கேளு."

"ஃபோன்ல கேக்க முடியாது."

நாலு மணிக்கு அக்கா வந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. கைப்பையை மடியிலிருந்து இறக்காமல் சோஃபாவின் நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீர் வேண்டாம் என்றாள். அவர் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டு வந்து பாட்டைத் தட்டினார்.

பாட்டு முடிந்த பிறகும் அக்கா ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நீதானேக்கா?"

"இல்லடி. நீதான் பாடின."

"பொய் சொல்லாத."

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்? உன் குரல்தான் அது. இன்னொரு தடவை போடச் சொல்லு."

அவர் மறுபடி போட்டார். பிறகு இன்னொரு தடவை. அறை அடுப்படி மாதிரி புழுங்கியது. தங்கை சோஃபாவை விட்டு இறங்கித் தரையில் முன்னால் நகர்ந்தாள். சிறிது பொறுத்து அக்காவும் இறங்கினாள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் இரண்டு தலைகள் சாய்ந்தன. அக்காவின் நெற்றியிலிருந்து வேர்வைத் துளி ஒன்று கன்னத்தில் இறங்கி, தாடையின் நுனியில் வந்து தொங்கியது. யாரும் ஃபேனைப் போடச் சொல்லவில்லை.